கழற்றிய ஹெச்.டி. போல்ட்டைத் திரும்பப் போடலாமா? பழைய ஷெட்டை இடம் மாற்றுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய ஷெட்டை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றி, வேறு ஊரில் நிறுத்துவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிற வேலை. நூற்பாலை மூடுகிறது, குடோன் விற்பனைக்கு வருகிறது, ஒரு தொழிற்சாலை இடம் மாறுகிறது. தூண், ராஃப்டர் (கூரையின் சாய்வு உத்தரம்), பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) எல்லாவற்றுக்கும் பெயின்டில் எண் போட்டு வரிசையாக இறக்குவார்கள். கடைசியில் ஒரு மூலையில் நாலைந்து கோணிச் சாக்குகள் இருக்கும். உள்ளே கழற்றிய போல்ட்டுகள். மேஸ்திரி ஒன்றை எடுத்துக் காட்டி, "புதுசு மாதிரியே இருக்கு சார், டீசல்ல ஊறப்போட்டு எடுத்தா போதும்" என்பார்.

நானும் ஒருமுறை அதற்குத் தலையாட்டினேன். துத்தநாகம் பூசிய எம்20 ஹெச்.டி. போல்ட்டுகள் அவை, அதாவது 20 மி.மீ. விட்டமுள்ள உயர் வலிமை (ஹை டென்சைல்) போல்ட்டுகள். இரண்டாம் முறை இறுக்கும்போது ஒரு நட் பாதி வழியில் கடித்துக்கொண்டது. மேலே இருந்த இளைஞர் ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி முழு பலத்தோடு இழுத்தார். போல்ட் மரைப் பகுதியில் பட்டென்று அறுந்தது. பிடிமானம் போய் அவர் பின்பக்கமாகச் சாய்ந்தார். பெல்ட்டைக் கொக்கியில் மாட்டியிருந்ததால் உயிர் தப்பினார். அறுந்த அந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கழற்றிய போல்ட்டைப் பார்வையை வைத்து எடைபோட முடியாது. முன்பு அதை எவ்வளவு இறுக்கினார்கள் என்பதுதான் முக்கியம். கீழே சொல்கிற எல்லாமே அந்த ஒரு தகவலைக் கண்டுபிடிப்பதைச் சுற்றியும், அது கிடைக்காதபோது என்ன செய்வது என்பதைச் சுற்றியும்தான் இருக்கும்.

இறுக்கும்போது போல்ட்டுக்குள் நடப்பது

இதைப் புரிந்துகொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முழுமையாக இறுக்கப்பட்ட போல்ட் என்பது இழுத்துக் கட்டிய ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகத் திருக போல்ட் நீள்கிறது. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கிறது; அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. 8.8 தர எம்20 போல்ட்டை எடுத்துக்கொள்வோம். மரைப் பகுதியில் விசை தாங்கும் பரப்பு 245 சதுர மி.மீ. சதுர மி.மீட்டருக்கு 800 நியூட்டன் அதன் பெயரளவு அறுபடு வலிமை. விதிகள் கேட்கிற முன் இழுவிசை (இறுக்கும்போதே போல்ட்டில் ஏற்றிவைக்க வேண்டிய இழுவிசை) அதில் 70 சதவீதம். பெருக்கினால் 137 கிலோநியூட்டன் வரும், அதாவது ஏறத்தாழ 14 டன். விரல் பருமனைவிடச் சற்றுக் கூடுதலான ஒரு கம்பி, சரக்கேற்றிய ஒரு லாரியின் எடையைத் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கிறது.

இப்போது நீட்சியைப் பாருங்கள். 20 மி.மீ. தகடு இரண்டு, நட்டின் கீழே ஒரு வாஷர், போல்ட் நீளம் 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கப்படும் பகுதி சுமார் 44 மி.மீ. இந்த நீளத்தில் 8.8 எஃகு ரப்பர் போலத் திரும்பி வரக்கூடிய நீட்சி 0.15 மி.மீ. கூட இல்லை. ஆனால் தகடுகள் ஒட்டிய பிறகு நட்டை மூன்றில் ஒரு சுற்று திருப்பச் சொல்கிறது நடைமுறை. எம்20 போல்ட்டின் மரை இடைவெளி 2.5 மி.மீ. என்பதால் நட் 0.83 மி.மீ. நகர்கிறது. இதில் ஒரு பங்கு தகடுகள் இன்னும் நெருங்குவதிலும், மரைகள் வளைந்து கொடுப்பதிலும் கழிந்துவிடும். மிச்சம் போல்ட்டிலேயே நிரந்தர நீட்சியாகத் தங்குகிறது. நட்டைக் கழற்றினாலும் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது.

இந்த நிரந்தர நீட்சி போல்ட் முழுக்கப் பரவுவதில்லை. நட்டின் அடிமுகத்துக்கும் மரை முடிகிற இடத்துக்கும் இடையிலுள்ள சில மரைகளில்தான் குவிகிறது. போல்ட்டின் மெலிந்த இடம் அதுதான். முதல் முறை இறுக்கும்போது இதனால் கெடுதல் எதுவும் இல்லை. சொல்லப்போனால், இந்த நீட்சி இருப்பதால்தான் இழுவிசை ஓரளவு உறுதியாகக் கிடைக்கிறது. ஆனால் எஃகுக்கு நீள்கிற திறன் ஒரு அளவுக்குத்தான் உண்டு. முதல் இறுக்கத்தில் அதில் ஒரு பகுதி செலவாகிவிட்டது. மிச்சம் எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கார் மெக்கானிக்குகளுக்கு இது பழகிய விஷயம். பல எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கும். அங்கும் காரணம் இதே நீட்சிதான்.

விதிகள் சொல்வது

அமெரிக்காவின் ஆர்.சி.எஸ்.சி. (எஃகுக் கட்டமைப்பு இணைப்புகளுக்கான ஆய்வுக் குழு) விதிமுறை மிகத் தெளிவானது. ஏ490 போல்ட், முறுக்கி முனை உடைகிற டி.சி. போல்ட், துத்தநாகம் பூசிய ஏ325 போல்ட் ஆகிய மூன்றையும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பூச்சு இல்லாத கறுப்பு ஏ325 போல்ட்டை மட்டும், கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புதல் தந்தால் பயன்படுத்தலாம். ஏ325 ஏறத்தாழ நம் 8.8க்கும், ஏ490 ஏறத்தாழ 10.9க்கும் சமம்.

ஆஸ்திரேலியாவின் எஃகுக் கட்டமைப்பு விதிமுறையான ஏ.எஸ். 4100 இன்னொரு கோணத்தில் பார்க்கிறது. முழுமையாக இறுக்கிய போல்ட்டை மறுபடி இறுக்குவதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் ஒரே ஒரு முறை, அதே துளையில், அதே கிரிப் நீளத்தில் (போல்ட் பிடிக்கிற தகடுகளின் மொத்தத் தடிமனில்) மட்டும். துத்தநாகப் பூச்சு இருந்தால் அதுவும் இல்லை. வேறு துளைக்கு மாற்றுவது எந்த நிலையிலும் கூடாது.

ஐரோப்பாவின் எஃகுக் கட்டமைப்பு விதிமுறையான இ.என். 1090-2இல் பேச்சுக்கே இடமில்லை. குறைந்தபட்ச முன் இழுவிசைக்கு இறுக்கிய போல்ட்டைப் பின்னர் தளர்த்தினால், போல்ட், நட், வாஷர் மொத்தத்தையும் எடுத்து எறிய வேண்டும்.

'அதே துளை, அதே கிரிப்' என்று ஆஸ்திரேலியர்கள் ஏன் சொல்கிறார்கள்? முன்பு 44 மி.மீ. தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டை இப்போது 30 மி.மீ. தகட்டில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். நட் இன்னும் 14 மி.மீ. உள்ளே போக வேண்டும். அந்த வழியில்தான் ஏற்கெனவே நீண்டு இடைவெளி மாறிய மரைகள் இருக்கின்றன. நட் அங்கே கடிக்கிறது. டார்க் ரென்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) 'டக்' என்று அடிக்கும், இறுகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அந்த முறுக்கு விசை எல்லாம் உராய்விலேயே போயிருக்கும். போல்ட்டில் இழுவிசை ஏறியிருக்காது.

நம் நாட்டு வேலைகளுக்கு ஐ.எஸ். 3757 போல்ட்டுக்கும், ஐ.எஸ். 6623 நட்டுக்கும், ஐ.எஸ். 6649 வாஷருக்கும், ஐ.எஸ். 4000 இறுக்கும் முறைக்கும் உரியவை. உங்கள் வேலையின் டிராயிங்கில் உள்ள குறிப்பும் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான சொல்லும் இவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

படி 1: பிரிப்பதற்கு முன்பே போல்ட்டைப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடுகிற படி இது. சாக்கில் கொட்டிய பிறகு போல்ட்டின் கதை அழிந்துவிடும். எது எந்த மூட்டிலிருந்து வந்தது, எது கிரேன் கர்டரில் (கிரேன் ஓடுகிற உத்தரத்தில்) இருந்தது, எது சும்மா பர்லின் கிளிட்டில் (பர்லினைப் பொருத்தும் சிறு இரும்புத் துண்டில்) இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஷெட் நின்றுகொண்டிருக்கும்போதே ஏணி போட்டு ஏறி, மூட்டு வாரியாக போல்ட் தலையில் உள்ள குறியைக் குறித்துக்கொள்ளுங்கள். 4.6 என்றால் சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) போல்ட். 8.8 என்றால் ஹெச்.டி. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடு வலிமை, 800. இரண்டு எண்களையும் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் நிரந்தரமாக நீளத் தொடங்குகிற நெகிழ்வு வலிமை, 640. இறக்குமதி ஷெட் என்றால் ஏ325, ஏ490 என்று எழுத்தாகவே இருக்கும். தலையில் தயாரிப்பாளரின் முத்திரையும் இருக்க வேண்டும். தரக்குறியும் முத்திரையும் இல்லாத போல்ட்டை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பட்டியலின் முதல் வரியிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு பூச்சைப் பாருங்கள். எண்ணெய்க் கறுப்பா, முக்கியெடுத்த துத்தநாகமா, மஞ்சள் மினுக்கு உள்ள மின்பூச்சா? தலை உருண்டையாக, அறுகோணம் இல்லாமல் இருந்து, மறுமுனை உடைந்த தழும்போடு இருந்தால் அது டி.சி. போல்ட்.

படி 2: எவ்வளவு இறுக்கியிருந்தார்கள்?

பழைய டிராயிங் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் 'ஸ்னக் டைட்' என்று போட்டிருக்கிறதா, 'முழு இறுக்கம்' அல்லது 'ஹெச்.எஸ்.எஃப்.ஜி.' (முழுமையாக இறுக்கி, தகடுகளின் உராய்வால் சுமை தாங்கவைக்கும் மூட்டு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னக் டைட் என்றால் ஒருவர் சாதாரண ஸ்பேனரால் முழு பலம் போட்டுத் தகடுகளை ஒட்டவைக்கிற இறுக்கம். இந்த அளவில் போல்ட் நிரந்தரமாக நீள்வதில்லை. பர்லின், கர்ட் (பக்கச்சுவர்த் தகட்டைத் தாங்கும் சட்டம்), கேபிள் எண்டு (ஷெட்டின் முக்கோண முனைச்சுவர்), லேசான கிளிட் மூட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இங்கிருந்து வரும் போல்ட் நேராக, துருப்பிடிக்காமல், மரை கெடாமல், படி 4இல் வரும் கழிவுப் பட்டியலில் சேராமல் இருந்தால் அதே மாதிரியான ஸ்னக் டைட் வேலைக்குத் தாராளமாகத் திரும்பப் போடலாம். இதற்கு இவ்வளவு பெரிய வழிகாட்டியே தேவையில்லை.

ராஃப்டரும் தூணும் சேருகிற முழங்கால் மூட்டு, உச்சி மூட்டு, கிரேன் கர்டரின் மூட்டுகள், அதிர்வுள்ள எந்திரம் நிற்கிற தளம் ஆகியவை வேறு ஜாதி. இவற்றில் முழு இறுக்கம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

டிராயிங் இல்லை, நிறுத்தியவர் யார் என்றும் தெரியவில்லை என்றால் எல்லா முக்கிய மூட்டுகளையும் முழு இறுக்கம் என்றே கருதுங்கள். "அப்போ ஸ்பேனர்ல தான் போட்டாங்க" என்று காவலாளி சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இம்பேக்ட் ரென்ச் கையில் இருந்தால் ஆட்கள் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை; நிற்கும்வரை அடிப்பார்கள்.

படி 3: மறு இறுக்கம் எது, மறுபயன்பாடு எது?

இதில் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். எட்டு போல்ட் உள்ள ஒரு மூட்டில் ஏழாவதை இறுக்கும்போது தகடு இன்னும் நெருங்கி, முதலில் இறுக்கிய போல்ட் தளர்ந்துவிடும். அதைத் திரும்ப இறுக்குவது மறுபயன்பாடு ஆகாது. அமெரிக்க விதிமுறை, ஆஸ்திரேலிய விதிமுறை இரண்டும் இதைத் தனியாகவே சொல்லியிருக்கின்றன. அந்த போல்ட்டைக் கழற்றவில்லை, இடம் மாற்றவில்லை. அதன் இழுவிசையை உரிய அளவுக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் முழுமையாக இறுக்கிய பிறகு, தூண் நேராக இல்லை என்று மொத்தமாகத் தளர்த்தி, செயின் பிளாக் போட்டு இழுத்து, மீண்டும் இறுக்குவது மறுபயன்பாடுதான். புதிய ஷெட்டிலேயே இது நடக்கிறது. அதனால்தான் தூண் நேராகும்வரை எல்லா போல்ட்டையும் ஸ்னக் டைட்டிலேயே வைத்திருக்கச் சொல்கிறோம்.

படி 4: யோசிக்காமல் கழிக்க வேண்டியவை

10.9, ஏ490 முதலில். வலிமை கூடக் கூட எஃகின் நீளும் திறன் குறைகிறது. ஒரு முறை இறுக்கத் தேவையான நீட்சி அதனிடம் உண்டு. இரண்டாம் முறைக்கு நம்ப முடியாது.

அடுத்தது துத்தநாகம் பூசிய எல்லா ஹெச்.டி. போல்ட்டுகளும். பூச்சுக்கு இடம்கொடுக்க நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார்கள், அதனால் மரைகளின் பிடிப்பு கொஞ்சம் குறைவு. துத்தநாகம் மென்மையான உலோகம். அழுத்தத்தில் ஒட்டி, உருண்டு, கடிக்கும். அதைத் தடுக்கத் தொழிற்சாலையில் நட்டுக்கு மெழுகு போன்ற ஒரு மசகு பூசி அனுப்புவார்கள். முதல் இறுக்கத்திலேயே அது போய்விடும். நான் முதலில் சொன்ன அந்த எம்20 போல்ட் அறுந்ததற்குப் பின்னால் இத்தனையும் இருந்தன. மசகு இல்லாத மரை முறுக்கைத் தின்கிறது. போல்ட் இழுபடும்போதே முறுக்கவும் படுகிறது. இரண்டும் சேர்ந்து சீக்கிரம் அறுக்கிறது.

டி.சி. போல்ட்டின் முனை முதல் முறையே உடைந்துவிடுவதால் அதற்குரிய கருவி பிடிக்க இடமே இல்லை. அழுத்தம் காட்டும் முண்டுகளுள்ள வாஷரும் அப்படித்தான். முண்டுகள் ஒருமுறை தட்டையாகிவிட்டால் பிறகு அது எதையும் காட்டாது.

நம் தளங்களில் நடக்கிற ஒரு பழக்கத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நட் அசையவில்லை என்றால் உடனே கேஸ் டார்ச்சை எடுத்துச் சூடு காட்டுவார்கள். 8.8, 10.9 போல்ட்டின் வலிமை, எஃகைச் சூடாக்கி, சட்டெனக் குளிர்வித்து, பிறகு குறைந்தது 425 டிகிரி செல்சியஸில் பதப்படுத்தியதால் வந்தது. அந்த வெப்பத்தைத் தாண்டிச் சூடுபட்டால் பதம் இளகி, வலிமை இறங்கிவிடும். டார்ச்சின் நெருப்பு அந்த வெப்பத்தைச் சில விநாடிகளில் தாண்டும். சூடு காட்டிய போல்ட், வெல்டு புள்ளி வைத்த போல்ட், தீ விபத்து நடந்த ஷெட்டிலிருந்து வந்த போல்ட் எல்லாம் தலையில் 8.8 என்று எழுதியிருந்தாலும் இனி 8.8 இல்லை.

கிரேன் கர்டர், எந்திரத் தளம் போன்ற இடங்களில் ஏற்றமும் இறக்கமுமாக வேலை செய்த போல்ட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத சோர்வு விரிசல் இருக்கலாம். கழித்துவிடுங்கள். குழி விழுந்த துரு, வளைந்த தண்டு, தகட்டு விளிம்பு பதிந்த வடு, குழாய் போட்டு இழுத்ததால் உருண்டுபோன தலை ஆகியவற்றுக்கும் அதே முடிவு.

உயர் வலிமை எஃகையும் துத்தநாகப் பூச்சையும் பற்றிப் பேசும்போது ஒரு நிகழ்வை நினைவில் வைக்க வேண்டும். 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், துத்தநாகம் பூசிய 3 அங்குல நங்கூரக் கம்பிகள் 96ஐ இழுத்து இறுக்கினார்கள். இறுக்கும்போது எல்லாம் சரியாகவே இருந்தன. அடுத்த சில நாட்களில் அவற்றில் 32 தாமாகவே அறுந்தன. எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் அதை நொறுங்கவைத்ததுதான் காரணம். அவை அதற்கு முன் இறுக்கப்படாத கம்பிகள். மறுபயன்பாடு செய்தவை கிடையாது. ஆனாலும் 'இறுக்கும்போது உடையவில்லை, அப்படியானால் நல்ல போல்ட்' என்ற நம் கணக்கு எவ்வளவு பிழையானது என்று அது காட்டியது. துரு நீக்க ஆசிட்டில் போட்டு எடுக்கிற வழக்கமும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். ஆசிட் கழுவல் எஃகுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்துகிறது. ஹெச்.டி. போல்ட்டை ஒருபோதும் ஆசிட்டில் போடாதீர்கள்.

படி 5: மிஞ்சிய கறுப்பு 8.8ஐச் சோதிப்பது

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவது: கறுப்பு 8.8, தரக்குறி உள்ளது, சூடுபடாதது, எந்த மூட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தது. இதைப் பயன்படுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் பொறியாளர். அவருக்குக் கொடுக்க உங்களிடம் சோதனை விவரம் இருக்க வேண்டும்.

முதலில் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, கம்பி பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, துணியால் துடையுங்கள். அழுக்கோடு சோதித்தால் எல்லா போல்ட்டும் தோற்கும்.

பிறகு கை நட் சோதனை. ஒரு புதிய நட்டை, அதே அளவும் அதே தரமும் உள்ளதை, விரலால் மட்டும் திருகி மரை முடிகிற இடம்வரை ஓட்டுங்கள். ஸ்பேனர் தொடக் கூடாது. நட் தடையில்லாமல் கடைசிவரை ஓடினால், மரையின் இடைவெளி பெரிதாக மாறவில்லை, அதாவது போல்ட் அதிகம் நீளவில்லை என்று பொருள். நடுவில் கடித்தால் அங்கேதான் நீண்டிருக்கிறது. அந்த போல்ட் முடிந்தது. கறுப்பு ஏ325க்கு அமெரிக்க விதிமுறையின் விளக்கவுரை சொல்கிற எளிய அளவுகோல் இதுதான். எந்தக் கருவியும் வேண்டாம். கீழே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரே ஆள் வரிசையாகச் செய்வது நல்லது. ஆள் மாறினால் விரல் பலமும் மாறும்.

முன்பு நட் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடுத்த மரைகளை நன்றாகக் கவனியுங்கள். அங்கே தண்டு லேசாக ஒடுங்கியிருந்தால் அறுபடும் எல்லைக்குப் பக்கத்தில் போய்வந்த போல்ட் அது. வெர்னியரில் பத்து மரைகளை அளந்து பாருங்கள். எம்20இல் 25 மி.மீ. வர வேண்டும். அதே அளவுள்ள புதிய போல்ட்டைப் பக்கத்தில் வைத்து இரண்டின் மரைகளையும் பல்லோடு பல் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நீண்ட இடத்தில் இடுக்கு தெரியும். கண் பழகிவிட்டால் வெர்னியரைவிட இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

நட்டும் வாஷரும் புதிதாகவே இருக்கட்டும். நட்டின் மரையும் ஒருமுறை நசுங்கியிருக்கும், அதன் அடிமுகம் தேய்ந்திருக்கும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கடைசியாக, இழுவிசைச் சோதனை. தேறிய போல்ட்டுகளில் குறைந்தது மூன்று செட்டை, தளத்தில் போடப்போகிற அதே நட், வாஷர், மசகோடு, இழுவிசை காட்டும் கருவியில் வைத்து இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்கிட்மோர் என்று சொல்கிற ஹைட்ராலிக் கருவி இதற்கென்றே உள்ளது. அது கிடைக்காத இடத்தில் லோட் செல் வைத்துச் சோதிக்கலாம். தேவையான முன் இழுவிசையைவிட 5 சதவீதம் கூடுதலாகக் காட்ட வேண்டும், எம்20 8.8க்கு 144 கிலோநியூட்டன். சோதித்த மூன்றையும் பிறகு பயன்படுத்தக் கூடாது. மூன்றில் ஒன்று தோற்றாலும் அந்த மூட்டு வகையிலிருந்து வந்த எல்லாவற்றையும் நான் கழித்துவிடுவேன்.

படி 6: திரும்பப் போடும்போது

அதே மூட்டு, அதே துளை, அதே கிரிப். பிரிக்கும்போதே மூட்டு எண் எழுதிய தனித்தனிப் பைகளில் போட்டிருந்தால் இது சுலபம்.

டார்க் ரென்ச்சை மட்டும் நம்பாதீர்கள். போல்ட் நீள்வதற்குப் போவது, கொடுக்கிற முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான். மீதி நட்டின் அடிமுகத்திலும் மரையிலும் உராய்வாகக் கரைகிறது. முறுக்கு என்பது உராய்வு எண் ('நட் ஃபேக்டர்' என்பார்கள்), விட்டம், இழுவிசை மூன்றின் பெருக்கல். நன்றாக மசகிட்ட புதிய எம்20 போல்ட்டுக்கு உராய்வு எண் 0.15 என்றால், 137 கிலோநியூட்டனுக்கு 411 நியூட்டன் மீட்டர் வேண்டும். ரென்ச்சை அதே 411இல் வைத்து, உராய்வு எண் 0.3 உள்ள காய்ந்த, துருவேறிய பழைய போல்ட்டை இறுக்கினால் உள்ளே ஏறுவது 68 கிலோநியூட்டன். ரென்ச் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் 'டக்' என்கிறது.

அதனால் பகுதிச் சுற்று முறைதான் இங்கே பாதுகாப்பு. முதலில் மூட்டின் விறைப்பான இடத்திலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி எல்லா போல்ட்டையும் ஸ்னக் டைட் செய்யுங்கள். தகடுகளுக்கு நடுவில் இடுக்கு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நட், போல்ட் முனை, தகடு மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாக பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். போல்ட்டின் நீளம் விட்டத்தின் 4 மடங்குக்குள் என்றால் மூன்றில் ஒரு சுற்று. 4 முதல் 8 மடங்கு என்றால் அரைச் சுற்று. 8 முதல் 12 மடங்கு என்றால் மூன்றில் இரண்டு சுற்று. தகட்டு முகங்கள் சாய்வில்லாமல் இருக்கும்போது இந்தக் கணக்கு. மேலே நிற்பவருக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம்: நட்டுக்கு ஆறு மூலை, இரண்டு மூலை தள்ளினால் மூன்றில் ஒன்று, மூன்று மூலை தள்ளினால் அரை, நான்கு தள்ளினால் மூன்றில் இரண்டு. சுற்றும்போது தலைப்பக்கம் இன்னொருவர் ஸ்பேனர் கொடுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுழன்று கோடு பொய் சொல்லும்.

நட் நடுவில் கடித்தால் நிறுத்திவிடுங்கள். குழாய் செருகி இழுப்பதற்கு யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த போல்ட்டை எடுத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள்.

இறுக்கிய மூட்டில் வேறு நிறத்தில் ஒரு புள்ளி வைத்து, இது இரண்டாம் முறை என்று பதிவேட்டில் எழுதுங்கள். மூன்றாம் முறை கிடையாது. பத்து வருடம் கழித்து இதே ஷெட்டை இன்னொருவர் பிரிப்பார். அவருக்கு அந்தப் புள்ளியும் பதிவேடும்தான் ஆதாரம்.

ஃபவுண்டேஷன் போல்ட், கூரை ஸ்க்ரூ

ஃபவுண்டேஷன் போல்ட் பழைய இடத்துக் கான்கிரீட்டிலேயே இருக்கட்டும். வெட்டியெடுத்த துண்டோடு கம்பி வெல்டு செய்து நீட்டி, புதிய அடித்தளத்தில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹெச்.டி. கம்பியை இப்படி வெல்டு செய்தால் வெல்டுக்குப் பக்கத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். புதிதாகச் செய்யுங்கள். கூரைத் தகட்டின் ஸ்க்ரூக்களில் ரப்பர் வாஷர் செத்திருக்கும். அவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

செலவைப் பற்றி

'ஆயிரம் போல்ட்டையும் புதிதாக வாங்கணுமா?' என்று உரிமையாளர் கேட்பார். அவருக்கு எடையில் கணக்குச் சொல்லுங்கள். எம்20, 60 மி.மீ. போல்ட் நட்டோடு கால் கிலோவுக்குச் சற்று மேல். ஆயிரம் போல்ட் என்றாலும் முந்நூறு கிலோவைத் தாண்டாது. ஷெட்டின் இரும்போ பல பத்து டன். பழைய போல்ட்டை ஊறவைத்து, பிரஷ் போட்டு, ஒவ்வொன்றிலும் நட் ஓட்டி, சோதனைக் கருவி வரவழைத்து, பொறியாளரிடம் கையெழுத்து வாங்குகிற கூலியையும் நாளையும் அதோடு வைத்துப் பாருங்கள். முக்கிய மூட்டுகளுக்குப் புதிய போல்ட் வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு. ஒரே ஒரு போல்ட் கடித்துக்கொண்டு கிரேன் அரை நாள் சும்மா நின்றால், மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகையாகப் போய்விடும்.

நான் இப்போது செய்வது இதுதான். முழங்கால், உச்சி, கிரேன் கர்டர் மூட்டுகளுக்கு டெஸ்ட் சர்டிபிகேட்டோடு புதிய போல்ட். பர்லின், கர்ட், கிளிட் போன்ற ஸ்னக் டைட் இடங்களுக்கு, தேறிய பழைய போல்ட். படி 5 முழுவதும், புதிய போல்ட் வர நாளாகும், வேலையும் நிற்க முடியாது என்ற நெருக்கடிக்காக மட்டும்.

படி 7: கழித்ததை அழியுங்கள்

இது முடியாமல் வேலை முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. கழித்த போல்ட்டை வாளியில் போட்டு ஓரமாக வைத்தால், மதியத்துக்கு மேல் மேலே இரண்டு போல்ட் குறையும்போது யாராவது அந்த வாளியில் கைவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வேலை நிற்கக் கூடாது என்ற அக்கறையில்தான். அதனால் கழித்தவுடன் தலையில் சிவப்பு பெயின்ட் அடித்து, அன்றைக்கே மரைப் பகுதியை கட்டிங் வீலில் அறுத்துவிடுங்கள். தலை தனி, தண்டு தனியாக எடைக்குப் போடுங்கள். முழு போல்ட்டாகக் காயலான் கடைக்குப் போனால், அது கழுவிச் சாயம் பூசி 8.8 என்ற குறியோடு இன்னொரு தளத்துக்குப் போய்ச்சேர வழியிருக்கிறது. அங்கே ஒருவர் அதை நம்பி ஸ்பேனரை மாட்டுவார்.